நைனா யாருடைய நிலத்தில் வீடு கட்டினார்?

போர்ட் கிள்ளானில் எங்கள் தாமானுக்குப் பின்புறம் ஒரு செம்பனைத் தோப்பு இருந்தது. யாரும் கவனிக்காத தோப்பு. மட்டைகள் வெட்டப்படாமல் தொங்கும். வீடு வாங்கிய புதிதில் வருகிறவர்களிடம் எல்லாம், ‘பின்னாடி பூரா பச்சைதான், காத்து நல்லா வரும்’ என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் காலையில் மண்வாரி இயந்திரங்கள் வந்தன. ஒரே மாதத்தில் தோப்பு இல்லை. அடுத்த சில மாதங்களில் அங்கே கண்டெய்னர்களை அடுக்கி வைக்கும் கிடங்கு எழுந்துவிட்டது. இரவு இரண்டு மணிக்கு இரும்பு இரும்பின்மேல் இறங்கும் ஓசை வீட்டுச் சுவரில் அதிரும். கொடியில் காயப்போட்ட துணியில் லோரிப் புழுதி படிந்திருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். “ஏன் தம்பி, யார்கிட்ட கேட்டு இத செஞ்சானுங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த இளம்பெண் பொறுமையானவர். வரைபடத்தை விரித்துக் காட்டினார். எங்கள் தாமான் வீடமைப்புக்கான நிறத்தில் இருந்தது. பின்னால் இருந்த நிலம் ஊதா. ஊதா என்றால் தொழில்துறை. “இது புதுசா மாத்தினது இல்ல என்சிக். திட்டம் வரைஞ்சப்பவே ஊதாதான். மக்கள் பார்வைக்கு வெச்சோம். ஆட்சேபம் எழுதிக் கொடுக்க நாலு வாரம் இருந்துச்சு” என்று மலாயில் சொன்னார். எந்த ஆண்டு, எந்த மாதம் என்று கேட்டேன். சொன்னார். அந்த மாதத்தில்தான் வீட்டு வரி கட்ட அதே கட்டடத்துக்குப் போயிருந்தேன். கீழ்த்தளத்தில் பலகைகள் நிறுத்தி வைத்திருந்ததும் நினைவுக்கு வந்தது. ஏதோ வீடு விற்கிற கண்காட்சி என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். கடைசியில் மரத்தின் பச்சையை நிலத்தின் நிறம் என்று நம்பியிருந்தது நான்தான்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். “நம்மகிட்டதான் கேட்டாங்கக்கா. நாமதான் பதில் சொல்லல.”

அவர் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை. அவர் நம்பாததில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைப் பற்றியும், நம் இலக்கியம் அந்த ஊதா நிறத்தை ஏன் பார்க்கத் தவறியது என்பதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

*

அன்று இரவு கே.எஸ். மணியத்தின் ‘தி ரிட்டர்ன்’ நாவலை மறுபடியும் எடுத்தேன். 1981இல் வந்த ஆங்கில நாவல். பீடோங்கில் பிறந்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, 2020இல் மறைந்த மணியத்தை நம்மில் பலர் ‘ஆங்கிலத்தில் எழுதினவர்’ என்ற ஒரே வரியில் ஒதுக்கி வைத்திருக்கிறோம். எனக்கும் அந்தத் தவறு இருந்தது. கல்லூரி நாளில் அதைப் படித்தபோது ரவியின் கதையாகப் படித்தேன். சலவைத் தொழிலாளியின் மகன் ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான், மிஸ் நான்சியிடம் பாடம் கற்கிறான், இங்கிலாந்துக்குப் போகிறான், ஆசிரியராகத் திரும்பி வருகிறான். இரண்டு பண்பாட்டுக்கு நடுவே மாட்டிக்கொண்ட இளைஞன் என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த முறை ரவியைவிட மற்ற இருவர்தான் கண்ணில் பட்டார்கள். ஒருத்தி அவனுடைய பாட்டி பெரியத்தாய். தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளோடு வந்து, கூவி விற்று, உழைத்து, ஒரு வீட்டை எழுப்புகிறாள். வீடு அவளுடையது, மண் அவளுடையதல்ல. மற்றவர் ரவியின் தந்தை நைனா. மருத்துவமனைக் குடியிருப்பில் வாழ்ந்து, சலவைக் கடை வைத்து, கடைசியில் ஆற்றங்கரையில் தனக்கு உரிமையில்லாத நிலத்தில் வீடு கட்டத் தொடங்குகிறார். கிளம்பச் சொல்கிறார்கள். கிளம்ப மறுக்கிறார். அந்த வீட்டோடு சேர்ந்து எரிந்து போகிறார்.

விமர்சகர்கள் நைனாவின் முடிவை மனநிலைப் பிறழ்வாகவும், மண்ணோடு ஆன்மிகமாக ஒன்றிப்போகிற வேட்கையாகவும் விளக்கியிருக்கிறார்கள். இரண்டும் பொருந்தக்கூடியவை. ஆனால் எனக்கு இப்போது மூன்றாவதாக ஒன்று படுகிறது. நைனா ஒரு சட்டக் கேள்வியைத் தன் உடம்பால் கேட்கிறார். ஒரு மனிதன் ஒரு துண்டு மண்ணில் உழைத்து, வீடு கட்டி, சாமி வைத்து, விளக்கேற்றினால் அந்த மண் அவனுடையது ஆகுமா?

நம் நாட்டுச் சட்டத்தின் பதில் தெளிவானது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் 48ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எத்தனை காலம் குடியிருந்தாலும், அனுமதியில்லாமல் இருந்தாலும், உரிமம் பெற்றே இருந்தாலும், அரசு நிலத்தில் யாருக்கும் உரிமை பிறக்காது. நம் தாத்தாக்கள் ‘டிஓஎல்’ என்று சொல்லித் தகரப் பெட்டிக்குள் பத்திரப்படுத்திய தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தின் ஆயுளும் அதே சட்டத்தில் இருக்கிறது. தொடங்கிய ஆண்டு முடிவதற்குள் அதுவும் முடிந்துவிடும். புதுப்பிக்கலாம், முப்பது வருடம் தொடர்ந்து புதுப்பிக்கலாம். முப்பத்தோராவது வருடத்தில் ‘இல்லை’ என்று சொன்னால் முப்பது வருடமும் கணக்கில் வராது. நாவல் நடக்கிற காலம் இந்தச் சட்டத்துக்கு முந்தியது. ஆனால் பெரியத்தாயும் நைனாவும் முட்டி மோதுகிற சுவர் இதுதான். இரண்டு தலைமுறை ஒரே சுவரில் மோதுகிறது என்பதே நாவலின் அமைப்பு. ரவியின் ஆங்கிலக் கல்வி அவனை மேலே தூக்கிவிட்டது; தந்தையை அந்த ஆற்றங்கரையில் நிலைநிறுத்த அதனால் முடியவில்லை.

மணியம் ஒரு சட்டப் பிரிவையும் நாவலில் விளக்கவில்லை. அவசியமும் இல்லை. ஆனால் காகிதம் அந்த நாவலுக்குள் இருக்கிறது. காகிதத்தை வைத்திருப்பவன் யார், வைத்திராதவன் யார் என்ற வேறுபாடு அதன் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. இதைத்தான் நான் நம் தமிழ்க் கதைகளில் தேடுகிறேன்.

*

மலேசியத் தமிழ்ப் புனைவில் நிலமிழப்பு முதன்மையான பேசுபொருள்களில் ஒன்று. தோட்டத் துண்டாடல் காலத்திலிருந்து இன்றைய அடுக்குமாடி வரைக்கும் எழுதி வந்திருக்கிறோம். அந்தக் கதைகளை நான் விரும்பிப் படித்து வளர்ந்தவன். அவற்றின் கண்ணீர் பொய்யானது என்று சொல்ல வரவில்லை. லயத்தை இடிக்க வரும் இயந்திரம், கோயில் வாசலில் நின்று மார்பில் அடித்துக்கொள்ளும் கிழவி, மரத்தடியில் உட்கார்ந்து எதையும் பேசாத கிழவர் எல்லாம் நடந்தவை. 2007 அக்டோபரில் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டதை அடுத்த மாதம் நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர் வீதியில் இறங்கிய கூட்டத்தோடு சேர்த்துத்தான் இந்த நாடு நினைவில் வைத்திருக்கிறது.

என் குறை வேறு. நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை இயந்திரம் வருகிற நாளில் தொடங்குகின்றன. அதற்கு முன் நடந்த ஏழெட்டு ஆண்டுகள் கதைக்கு வெளியே கிடக்கின்றன. எதிரியாக ஒரு முகம் இருக்கும்: துரை, கிராணி, மேம்பாட்டு நிறுவனத்தின் மேலாளர், வாக்குக் கொடுத்து மறந்த அரசியல்வாதி. அந்த முகம் கெட்டது. அதனால் நிலம் போயிற்று. கதை முடிந்தது.

உண்மையில் ஒரு தோட்டம் தாமானாக மாறுவது வரிசையான காகிதங்களால். முதலில் உரிமை கைமாற வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற, மாநிலத்தின் தோட்ட நில வாரியத்திடம் போக வேண்டும் என்று நிலச் சட்டம் சொல்கிறது. துண்டாடல் காலத்தின் கசப்பு அந்தப் பிரிவில் இருக்கிறது. பிறகு நிலத்தின் வகை மாற வேண்டும். அந்தச் சட்டத்தில் நிலத்துக்கு மூன்றே வகைகள்தான்: விவசாயம், கட்டடம், தொழில்துறை. வகையை மாற்றுவது மாநில அரசின் கையில். நிலம் மாநிலத்துக்கு உரிய விஷயம் என்று கூட்டரசு அரசியலமைப்பே சொல்கிறது. அதற்குப் பிறகு, அல்லது அதோடு சேர்ந்து, ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி. பிறகு நிலப் பிரிப்பு. சாலைக்கு இவ்வளவு, திடலுக்கு இவ்வளவு, பள்ளிக்கு, வழிபாட்டுத் தலத்துக்கு இவ்வளவு என்று மேம்பாட்டு நிறுவனம் ஒதுக்கித் தர வேண்டிய கட்டம் இதுதான்.

தோட்டத்துக் கோயில் இந்த வரிசையில் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் எங்கேயும் இல்லை. அது தோட்ட முதலாளியின் கிராண்டுக்குள் நிற்கிற கோயில். அதற்கென்று தனிக் கிராண்டு கிடையாது. துரை வாயால் கொடுத்த இடம். நூறு வருடம் பூசை நடந்திருந்தாலும் வரைபடத்தில் அது ஒரு புள்ளியாகக்கூட இருக்காது. தளவரைவு வரைகிறபோது யாராவது ஒருவர் எழுந்து, ‘இங்கே ஒரு கோயில் இருக்கிறது, இந்த இடத்தை ஒதுக்கீடாகப் போடு’ என்று எழுத்தில் கேட்டிருந்தால் அது இன்றைக்கு நிறத்தோடு இருக்கும். கேட்காவிட்டால், இருபது வருடம் கழித்து அது ‘சட்டவிரோதக் கோயில்’. இந்தச் சொல் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்லும் ஒரு நாவலுக்காக நான் காத்திருக்கிறேன்.

*

1976ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தை ஓர் இலக்கியப் பிரதியைப் போலப் படித்துப் பார்த்தேன். 172ஆவது சட்டம் என்பார்கள். அலுப்பானதுதான். ஆனால் அதற்குள் ஒரு கதை இருக்கிறது.

மாநிலத்துக்கு ஒரு கட்டமைப்புத் திட்டம். அது பெரும்பாலும் எழுத்தில் இருக்கும் கொள்கை. அதன் கீழே ஒவ்வோர் ஊராட்சிப் பகுதிக்கும் உள்ளூர்த் திட்டம். இதுதான் நிறங்களுள்ள வரைபடம். அந்தத் திட்டத்துக்கு முரணாக நிலத்தைப் பயன்படுத்தக் கூடாது. திட்ட அனுமதி இல்லாமல் எந்த மேம்பாடும் செய்யக் கூடாது. வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். ஆட்சேபித்தவர்களை ஒரு குழு விசாரிக்க வேண்டும். எல்லாம் நியாயமாகவே ஒலிக்கிறது.

இப்போது 21ஆவது பிரிவின் 6ஆவது உட்பிரிவு. ஓரிடத்தில் மேம்பாட்டுக்கு விண்ணப்பம் வந்தால் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிக்க வேண்டும், அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம் என்கிறது. கூடவே ஒரு நிபந்தனை: அந்தப் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் இல்லாதபோதுதான். திட்டம் அரசிதழில் வந்துவிட்டால், சட்டப்படி அண்டை வீட்டுக்காரரிடம் திரும்பக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஏன்? ‘ஏற்கெனவே கேட்டோமே’ என்பதுதான் சட்டத்தின் வாதம்.

இந்த ஓர் உட்பிரிவு தெரிந்த பிறகு எங்கள் தாமான் கதை எனக்கு வேறாகத் தெரிந்தது. பத்து, பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை சில வாரங்கள் மட்டும் ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தச் சில வாரத்தில் சொல்லாததைப் பிறகு சொல்ல முடியாது. சொன்னாலும் அது மனு, உரிமை அல்ல. அறிவிப்பு நாளிதழில் வரும், தேசிய மொழியில் கட்டாயம் வரும். எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் வர வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ‘உங்கள் தாமானுக்குப் பின்னால் லோரி வரப்போகிறது’ என்று எந்த மொழியிலும் எழுதியிருக்காது. ‘உள்ளூர்த் திட்ட வரைவு விளம்பரம்’ என்று எழுதியிருக்கும். அக்கா நம்பாததில் நியாயம் இருக்கிறது என்று சொன்னேனே, அது இதுதான். கேட்டார்கள் என்பது உண்மை. கேட்டது காதில் விழும்படி கேட்கவில்லை என்பதும் உண்மை.

இந்தச் சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. நில மண்டல முறைக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இல், யூக்ளிட் என்ற சிற்றூரின் வழக்கில், ஒப்புதல் தந்தது. அந்தத் தீர்ப்பில், தனி வீடுகள் உள்ள பகுதியில் முளைக்கும் அடுக்குக் குடியிருப்பை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டு நீதிபதி எழுதினார். அங்கே அடுக்குக் குடியிருப்பில் இருந்தவர்கள் யார்? வாடகைக்கு இருக்கும் ஏழைகள். நிலத்துக்கு நிறம் பூசும் கலை தொடங்கும்போதே, யார் யாருக்குப் பக்கத்தில் வாழலாம் என்ற கேள்வி அதன் அடியில் இருந்தது.

*

நிறம் பூசுகிற கை யாருடையது? ஊராட்சி மன்ற உறுப்பினர்களுடையது. அவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்? யாருமில்லை. மாநில அரசு நியமிக்கிறது. மேயர் அல்லது தலைவர், அவரோடு 8 பேருக்குக் குறையாமல் 24 பேருக்கு மிகாமல் உறுப்பினர்கள். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

ஒரு காலத்தில் இங்கே ஊராட்சித் தேர்தல் இருந்தது. ஜார்ஜ் டவுன் 1951இலேயே வாக்களித்தது. 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டு மேற்கு மலேசிய ஊராட்சிகளின் செயல்பாட்டை ஆராய ஓர் அரச ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் அறிக்கை தயார். 1971இல்தான் பொதுவில் வந்தது. ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. அரசாங்கம் ஏற்கவில்லை. தற்காலிகமாக நிறுத்தியது 1976 சட்டத்தில் நிரந்தரமாயிற்று.

நம் மேடைகளில் ஆதி நாகப்பனின் பெயர் வருவதுண்டு. அவருடைய மனைவி ஜானகி ஜான்சி ராணிப் படையில் இருந்ததைப் பெருமையோடு சொல்வோம். ஆனால் அந்த அறிக்கையைப் பற்றி ஒரு தமிழ்க் கட்டுரையை நான் எதிர்கொண்டதில்லை. ஒரு தமிழர் தலைமையில் எழுதப்பட்டு, இந்த நாட்டின் மக்களாட்சியை இன்றுவரை கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் ஓர் உரைநடைப் பிரதியை நாம் வாசிக்கவே இல்லை. நம் ‘வரலாற்று உணர்வு’ எந்த இடத்தில் ஓய்வெடுக்கப் போகிறது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

தேர்தல் இல்லாததன் விளைவை எங்கள் ஊரே பார்த்திருக்கிறது. 2006இல் பண்டமாரானில் எழுந்துகொண்டிருந்த ஒரு மாளிகையின் படம் நாளிதழ்களில் பல நாள் வந்தது. கட்டியவர் போர்ட் கிள்ளான் சட்டமன்ற உறுப்பினர் சக்காரியா முகமட் டெரோஸ். அவரே கிள்ளான் நகராண்மைக் கழகத்தின் உறுப்பினரும்கூட. கட்டட வரைபடத்துக்கு அனுமதி பெறாமலேயே கட்டத் தொடங்கியிருந்தார். ஒரு காலத்தில் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர் என்பதால் ஊரில் அதை வைத்துக் கிண்டல் செய்தார்கள். அந்தக் கிண்டல் எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை. கேட் காவலர் பெரிய வீடு கட்டுவதில் தவறேதுமில்லை. தவறு வேறு இடத்தில் இருந்தது. சாதாரண மனிதன் சமையலறையை நாலடி நீட்டினாலே அனுமதி கேட்கும் மன்றத்தில் அமர்ந்திருந்தவர், அந்த அனுமதியைத் தனக்குத் தேவையானதாக நினைக்கவில்லை. அந்த மன்றத்திலிருந்து அவரை இறக்க வாக்காளருக்கு ஒரு சீட்டு இல்லை. சத்தம் போட மட்டும் முடிந்தது.

2024 பிப்ரவரியில் கிள்ளான் அரச மாநகரமானது. பெயர்ப்பலகை மாறியது. மன்றத்துக்கு ஆள் வரும் வழி மாறவில்லை.

*

இந்தக் கேள்விகள் எல்லாம் ஒன்றுகூடும் பிரதி என்று நான் நினைப்பது தாமான் ரிம்பா கியாரா வழக்கின் தீர்ப்பு. 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் வழங்கியது. எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோலாலம்பூரில் புக்கிட் கியாரா என்ற ரப்பர் தோட்டம் இருந்தது. அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டது. அங்கே வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள், ஏறக்குறைய நூறு, 1980களின் தொடக்கத்தில் பக்கத்திலேயே நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. தற்காலிகம் என்றார்கள். நிரந்தர வீடு வரும் என்றார்கள். அதற்குள் அந்தப் பக்கம் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்ற வசதியான குடியிருப்பு வளர்ந்தது. லயங்களுக்குப் பக்கத்துப் பசுமை, மக்கள் ஓடவும் நடக்கவும் வரும் பூங்காவானது. 2004இல் அரசிதழில் வந்த கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் அந்த இடத்தைப் பசுமையாகக் காட்டியது.

2017இல் மாநகர் மன்றம் அங்கே உயரமான சொகுசு அடுக்குமாடிகளுக்கு அனுமதி தந்தது. அதோடு லயத்து மக்களுக்காகக் கட்டுப்படியான விலை வீடுகள் 350 உள்ள ஒரு கட்டடமும் திட்டத்தில் இருந்தது. நிலம் கூட்டரசுப் பிரதேச அறவாரியத்துக்குத் தரப்பட்டு, ஒரு மேம்பாட்டு நிறுவனத்தோடு கூட்டாகச் செய்யும் திட்டம். தாமான் வாசிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதிசெய்தது.

தீர்ப்பாக இது முக்கியமானது, அதில் எனக்கு ஐயமில்லை. கட்டமைப்புத் திட்டம் வெறும் அலங்காரப் புத்தகமல்ல, அதற்குச் சட்டப் பிணைப்பு உண்டு. விலகிச் செல்ல வேண்டுமானால் மேயர் காரணம் சொல்ல வேண்டும். அனுமதி தருகிறவரே விண்ணப்பித்த அறவாரியத்திலும் பொறுப்பில் இருந்தால் அது நலன் மோதல். பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு வழக்காடும் தகுதி உண்டு. நாடு முழுதும் ஊராட்சிகள் இனி இதை நினைவில் வைத்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தாமான் பின்னால் இருந்த நிலம் பச்சையாக வரையப்பட்டிருந்தால், இந்தத் தீர்ப்பு எனக்கும் ஆயுதமாகியிருக்கும்.

ஆனால் ஒரு தமிழ் வாசகனாக இதைப் படிக்கும்போது ஓரிடத்தில் நின்றுவிடுகிறேன். தாமான்வாசிகளிடம் இருந்தது வரைபடம். லயத்து மக்களிடம் இருந்தது வாக்கு. சட்டம் வரைபடத்தைப் பிணைக்கிறது. வாக்கைப் பிணைப்பதற்கு அதனிடம் வழி குறைவு. 1980களில் கொடுத்த வாக்கு உண்மையானதாக இருந்திருந்தால், 2004இல் வரைபடம் வரைந்தபோது அந்தப் பசுமையின் ஓரத்தில் ‘இங்கே நூறு வீடு’ என்று யாராவது ஒரு சிறு கட்டம் போட்டிருக்க வேண்டும். இருபது ஆண்டுகளில் யாரும் போடவில்லை. அரசியல்வாதி வந்து சொன்னார், மாலை வாங்கினார், போனார். கோட்டை வரைகிறவரிடம் அதை யாரும் கொண்டுபோகவில்லை. கடைசியில் அவர்களுடைய வீடு, வேறொருவரின் சொகுசுக் கோபுரங்களுக்கு நியாயம் சொல்லும் காரணமாக மட்டுமே காகிதத்தில் ஏறியது. கோபுரங்கள் விழுந்தபோது அந்த 350 வீடுகளும் சேர்ந்து விழுந்தன.

நீதிமன்றத்தின் மேல் இதற்குப் பழி போட முடியாது. அதன் முன் இருந்த கேள்வி அந்த அனுமதி செல்லுமா என்பதுதான். பூங்காவைக் காக்க வந்தவர்களும் லயத்து மக்களுக்கு வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கேயே அளவாகக் கட்டிக் கொடுங்கள் என்றுதான் சொல்லி வந்தார்கள். ஆனால் பொதுப் பேச்சில் இது ‘பூங்காவா, கட்டடமா’ என்ற கேள்வியாகச் சுருங்கியது. ஒரு தோட்டம் எப்படிப் பூங்காவாகியது, அதில் பால் வெட்டியவர்கள் எப்படி அதன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள் என்பது பின்னணிக் குறிப்பாகிவிட்டது. பின்னணிக் குறிப்பை நாவலாக்க வேண்டியது நீதிபதியின் வேலையா? நம் வேலை.

*

இதைச் சொல்லும்போது நண்பர்கள் மறுக்கிறார்கள். “எழுத்தாளன் என்ன வழக்கறிஞரா? பிரிவு 21, உட்பிரிவு 6ன்னு எழுதினா யார்யா படிப்பா?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நிலச் சட்டத்தை உரையாடலாக எழுதி வைத்தால் அது கதையாகாது. இந்தக் கட்டுரையே அந்த ஆபத்தில் சிக்கியிருப்பது எனக்குத் தெரிகிறது.

ஆனால் நான் கேட்பது சட்ட அறிவை அல்ல. கதைக்கு ஒரு காலத்தை. இயந்திரம் வருவதற்கு ஏழு வருடம் முன்னால் தொடங்குகிற கதை. அதில் ஒரு கீழ்த்தளம், நிறுத்தி வைத்த பலகைகள், வரி கட்ட வந்து பார்க்காமல் போகிற ஒருவன். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் திருவிழா வரவு செலவு பேசி முடித்துக் கடைசியாக ‘ஏதோ லெட்டர் வந்திருக்கு’ என்று சொல்லும் செயலாளர், ‘அடுத்த கூட்டத்துல பாப்போம்’ என்கிற தலைவர். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அந்த ‘அடுத்த கூட்டத்துல’ என்ற சொல்லில் நூறு வருடக் கோயில் போய்விடுகிறது. இதில் எதிரியின் முகம் ஒன்றே ஒன்றாக இருக்காது. சில இடங்களில் அது நம் முகத்தைப் போலவும் இருக்கும். நம் புனைவு தவிர்த்து வந்திருப்பது அந்த முகத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. துரோகம் செய்யப்பட்டவர்களாக மட்டும் நம்மை எழுதிக்கொள்வதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. அந்த ஆறுதலுக்கு நாம் கொடுக்கும் விலை அதிகம்.

நம் வரலாற்றில் காகிதத்தைக் கையில் எடுத்த தருணங்களும் இருக்கின்றன. துண்டாடல் காலத்தில், 1960இல், சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தொழிலாளிகள் மாதாமாதம் சிறுதொகை கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். அழுதுகொண்டே கிராண்டு வாங்கினார்கள் என்று சொல்லலாம். அந்த அழுகையும் அந்தக் கிராண்டும் ஒரே கதைக்குள் வர வேண்டும்.

நைனாவுக்குத் திரும்புகிறேன். அவர் வீடு கட்டிய மண் அரசாங்கத்துடையது என்று சட்டம் சொல்லும். மணியம் அதை மறுக்கவில்லை. நைனாவைத் தியாகியாக்கவும் இல்லை. ஒரு மனிதன் சரியான கேள்வியைத் தவறான இடத்தில், தாமதமாக, தனியாகக் கேட்டால் என்ன ஆகும் என்று காட்டிவிட்டு விலகி நிற்கிறார். தமிழில் எழுதப்படாத ஒரு மலேசியத் தமிழ் நாவல் அது என்றே இப்போது நினைக்கிறேன். யாராவது அதை நல்ல தமிழில் கொண்டுவந்தால் முதல் பிரதியைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாங்கித் தருவேன்.

அவர் இப்போது துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறார். போன வாரம் வேலியோரம் நின்று, “அந்தப் படம் மறுபடி எப்ப வரைவாங்க தம்பி?” என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

“சொல்லு. வரும்போது என்னையும் கூட்டிட்டுப் போ. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா வீடு எங்க இருக்குன்னு காட்டத் தெரியும்.”